சேமிப்புத் தொட்டிகளின் சிதைவிலாச் சோதனை

சேமிப்புத் தொட்டிகளின் சிதைவிலாச் சோதனை என்பது பெட்ரோலியப் பொருட்கள், எரிசாராயம், கழிவுப்பாகு, வேதிப்பொருட்கள் முதலியவற்றைத் தேக்கி வைக்கும் எஃகுத் தொட்டிகளில் தோன்றும் விரிசல், அரிப்பு, பற்றவைப்புக் குறை, உருமாற்றம் ஆகியவற்றை, தொட்டியை வெட்டாமலும் அதன் பயன்பாட்டிற்குக் கேடு விளைவிக்காமலும் கண்டறியும் முறைகளின் தொகுப்பாகும். அழிவில்லாச் சோதனை என்றும் இது அழைக்கப்படும். தொழிற்சாலைகளில் என்.டி.டி. என்ற சுருக்கப்பெயரே பெருவழக்கு.

சந்தையில் மண்பானை வாங்குவோர் விரலால் தட்டி, ஒலியைக் கேட்டு, கீறல் உள்ள பானையை ஒதுக்கி விடுவர். பானை உடைவதில்லை, ஆனால் அதன் குறை தெரிந்து விடுகிறது. சிதைவிலாச் சோதனையின் அடிப்படைக் கருத்து இதுவே. கைவிரலுக்கு மாற்றாக மீயொலி, காந்தப்புலம், காமாக் கதிர், சாயம், வெற்றிடம் ஆகியவை இங்கு பயன்படுகின்றன.

தொட்டியின் அமைப்பு

வளிமண்டல அழுத்தத்தில் நீர்மங்களைத் தேக்கும் தொட்டி பெரும்பாலும் நிமிர்ந்த உருளை வடிவில் இருக்கும். இதற்குக் கீழ்த்தளம், சுவர், கூரை என மூன்று பகுதிகள் உண்டு. சுவர், வளைத்த எஃகுத் தகடுகளை வளையம் வளையமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து எழுப்பப்படுகிறது. கீழே செல்லச் செல்ல நீர்ம அழுத்தம் கூடுவதால் கீழ் வளையங்களின் தகடு தடிப்பாகவும் மேல் வளையங்களின் தகடு மெல்லியதாகவும் அமையும். இத்தொட்டிகளை வடிவமைப்பதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 803 ஆகும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 650 தரமும் இந்தியாவில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

சுவர்த் தகட்டில் எழும் வளைய இழுதகைவைக் கணக்கிட, நீர்ம அழுத்தத்தைத் தொட்டியின் ஆரத்தால் பெருக்கித் தகட்டின் தடிப்பால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 20 மீட்டர் விட்டமும் 10 மீட்டர் உயரமும் உடைய ஒரு தொட்டியின் அடிவளையத் தகடு 8 மில்லிமீட்டர் தடிப்பு எனக் கொள்வோம். தொட்டி நிறைய நீர் நிரப்பினால் அடியில் எழும் இழுதகைவு ஏறத்தாழ 123 மெகாபாசுகல் ஆகும். அதே தொட்டியில் நீரைவிட 1.4 மடங்கு அடர்த்தியான கழிவுப்பாகை நிரப்பினால் இது 172 மெகாபாசுகலாக உயரும். பல ஆண்டு அரிப்பினால் தகடு 6 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்தால் இழுதகைவு 229 மெகாபாசுகலை எட்டிவிடும். கட்டுமானங்களில் பொதுவாகப் பயன்படும் மென்னெஃகு 250 மெகாபாசுகலில் நிலையாக நெகிழத் தொடங்கும். இரண்டு மில்லிமீட்டர் துருவிற்கும் ஒரு பெரிய விபத்திற்கும் உள்ள தொலைவு இவ்வளவே. பற்றவைப்பில் ஒரு விரிசலும் சேர்ந்துகொண்டால் அத்தொலைவும் இராது. விரிசலின் முனையில் தகைவு பன்மடங்காகக் குவியும்.

இக்கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உள்ளது. புதுத் தொட்டியின் வலிமையை அறிய அதில் நீர் நிரப்பிப் பார்ப்பது வழக்கம். எண்ணெய் நீரைவிட இலேசானது. எனவே எண்ணெய்த் தொட்டிக்கு நீர்நிரப்புச் சோதனை கடுமையான தேர்வாகும். கழிவுப்பாகுத் தொட்டிக்கோ அது பாதித் தேர்வுதான். நிறைய நீர் நிரப்பினாலும், பின்னர் அது சுமக்கவிருக்கும் தகைவில் 71 விழுக்காடு மட்டுமே சோதிக்கப்படுகிறது. ஆதலால் கழிவுப்பாகுத் தொட்டிகளில் பற்றவைப்புகளைத் தனியே ஆய்வது கூடுதல் முதன்மை பெறுகிறது.

இரு விபத்துகள்

1919ஆம் ஆண்டு சனவரி 15 அன்று அமெரிக்காவின் பாசுடன் நகரில் கழிவுப்பாகுத் தொட்டி ஒன்று பிளந்தது. ஏறத்தாழ 15 மீட்டர் உயரமும் 27 மீட்டர் விட்டமும் கொண்ட அத்தொட்டியில் இருந்து சுமார் 87 இலட்சம் லிட்டர் பாகு தெருவில் பாய்ந்தது. 21 பேர் உயிரிழந்தனர். சுமார் 150 பேர் காயமுற்றனர். தொட்டி கட்டி முடிக்கப்பட்டபோது அதில் அரையடி உயரத்திற்கு மட்டுமே நீர் விட்டுப் பார்த்திருந்தனர். பின்னர் தகட்டு இணைப்புகளில் பாகு கசிந்தது. கசிவு கண்ணுக்குத் தெரியாதபடி தொட்டிக்குப் பாகின் பழுப்பு நிறத்திலேயே வண்ணம் பூசப்பட்டது. சிதைவிலாச் சோதனைகளில் மிக எளியது கண்ணால் பார்ப்பது. அந்த ஒரு சோதனையையும் வண்ணப்பூச்சு மறைத்துவிட்டது.

இரண்டாவது விபத்தில் உயிரிழப்பு இல்லை. ஆயினும் தொட்டி ஆய்வு முறைகளை மாற்றி அமைத்தது இதுவே எனலாம். 1988ஆம் ஆண்டு சனவரி 2 அன்று பிட்சுபர்க் நகருக்கு அருகில் உள்ள புளோரெப் என்னும் ஊரில் டீசல் தொட்டி ஒன்று முதன்முறையாக முழுமையாக நிரப்பப்பட்டபோது மேலிருந்து கீழாகப் பிளந்தது. வெளியேறிய டீசல் அணைகரையைத் தாண்டி மொனாங்ககேலா ஆற்றில் கலந்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் மக்களின் குடிநீர் வழங்கல் பாதிக்கப்பட்டது. அத்தொட்டி புதியது அன்று. கிளீவ்லாந்து நகரில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் பயன்பட்ட தொட்டியைத் தகடு தகடாகப் பிரித்து, எடுத்து வந்து மீண்டும் பற்றவைத்திருந்தனர். பழைய பற்றவைப்பை ஒட்டித் தகட்டில் சிறு குறை ஒன்று தொடக்கம் முதலே இருந்து வந்தது. குளிர் காலத்தில் அப்பழைய எஃகு நொறுங்கும் தன்மை அடைந்ததால் குறையிலிருந்து புறப்பட்ட விரிசல் நொடிப்பொழுதில் சுவர் முழுவதும் ஓடியது. இங்கும் முழு நீர்நிரப்புச் சோதனை செய்யப்படவில்லை.

இதன் பின்னர், பயன்பாட்டில் உள்ள தொட்டிகளின் ஆய்வு, பழுதுபார்ப்பு, இடமாற்றம் ஆகியவற்றுக்கென ஏ.பி.ஐ. 653 தரம் 1991இல் வெளியிடப்பட்டது. இந்தியாவில் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் தொட்டி ஆய்விற்கென ஓ.ஐ.எஸ்.டி. 129 என்ற தரத்தை வெளியிட்டுள்ளது.

பரமத்தி வேலூர் வட்டாரம்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரியின் வடகரையில் அமைந்துள்ள பரமத்தி வேலூர், வெற்றிலைக்கும் வாழைக்கும் வெல்லத்திற்கும் பெயர்பெற்ற ஊர். தொழிற்சாலைத் தொட்டிகளை இவ்வூருடன் தொடர்புபடுத்திப் பார்ப்போர் குறைவு. ஆனால் சுற்றுப்புறத்தைப் பார்த்தால் சேமிப்புத் தொட்டிகளின் பெரும்பாலான வகைகளை இங்கிருந்து சிறு தொலைவிலேயே காணலாம். ஆற்றின் போக்கில் கீழே மோகனூரில் சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. எதிர்க்கரையில், கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த புகளூரில் மற்றொரு சர்க்கரை ஆலையும், கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதற்கெனத் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலையும் இயங்குகின்றன. கொச்சியிலிருந்து கோயம்புத்தூர் வழியாக வரும் பெட்ரோலியக் குழாய்ப்பாதை 2002 முதல் கரூரில் முடிவடைகிறது. அங்கு எண்ணெய்க் கிடங்கு உள்ளது. வடக்கே சேலம் மாவட்டத்தின் சங்ககிரியிலும் எண்ணெய் முனையம் உண்டு.

சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரைப் படிகங்களைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கரும்பழுப்புப் பாகே மொலாசஸ் எனப்படும் கழிவுப்பாகு. எரிசாராயம் வடிப்பதற்கு இதுவே மூலப்பொருள் என்பதால் பெரும் எஃகுத் தொட்டிகளில் தேக்கி வைக்கப்படுகிறது. கெட்டியான பாகு எஃகை விரைவாக அரிப்பதில்லை. அரிப்பு தொடங்குவது அதன் மேற்பரப்பில்தான். பகல் வெயிலில் சூடேறிய தொட்டியின் கூரையில் இரவில் ஈரம் படிந்து சொட்டும். அந்நீர் பாகின் மேற்பரப்பை நீர்க்கச் செய்ய, நீர்த்த பாகு புளித்து அமிலத்தன்மை அடைகிறது. ஆகையால் இத்தொட்டிகளில் கூரையின் உட்புறமும் மேல் வளையங்களும் முதலில் மெலிகின்றன. அடியில் மட்டும் தடிப்பை அளந்து அறிக்கை எழுதும் ஆய்வு இதைத் தவறவிடும். மேல் வளையத் தகடு தொடக்கத்திலேயே மெல்லியது என்பதால் இத்தவறு சிறியதன்று.

எண்ணெய்த் தொட்டிகளில் நிலைமை நேர்மாறானது. எண்ணெயில் கலந்துள்ள நீர் அடியில் தங்கிக் கீழ்த்தளத்தை மேலிருந்து அரிக்க, மண்ணின் ஈரம் கீழிருந்து அரிக்கிறது. கீழ்த்தளத்தின் அடிப்புறம் தொட்டி இருக்கும் வரை எவர் கண்ணுக்கும் படுவதில்லை. அங்கு ஏற்படும் ஊசித்துளைக் கசிவு மாதக்கணக்கில் அளவுக் கணக்கிலும் தெரியாமல் மண்ணில் இறங்கும். காவிரிக் கரை போன்ற மணற்பாங்கான நிலத்தில், கிணற்று நீரை நம்பி வெற்றிலைக்கொடிக்கால்கள் உள்ள இடத்தில், இத்தகைய கசிவைக் கிணற்றில் மணம் வந்த பிறகு அறிவதைவிடத் தகட்டிலேயே அறிவது மேல்.

சோதனை முறைகள்

கண்ணால் ஆய்தல் எல்லா ஆய்வுக்கும் முதற்படியாகும். கசிவுக்கறை, புடைப்பு, வண்ணம் உரிந்த இடம், அடித்தளத்திற்கும் தொட்டிக்கும் இடையே உள்ள வெடிப்பு ஆகியவை குறிக்கப்படுகின்றன. தொட்டியைச் சுற்றிலும் சம இடைவெளிகளில் மட்டம் பார்த்து, அடித்தளம் ஒரு பக்கமாக அமிழ்ந்துள்ளதா என்பதும் கணக்கிடப்படுகிறது. தொட்டி முழுதும் ஒரே சீராக அமிழ்வதால் பெருந்தீங்கில்லை. சீரற்ற அமிழ்வே சுவரை முறுக்கிப் பற்றவைப்புகளை இழுக்கும்.

மீயொலித் தடிப்பளவி மிகுதியாகப் பயன்படும் கருவியாகும். தகட்டின் ஒரு பக்கம் வைத்த ஆய்முனை மீயொலித் துடிப்பை அனுப்புகிறது. மறுபக்கத்தில் பட்டு எதிரொலி திரும்பும் நேரம் அளக்கப்படுகிறது. எஃகில் ஒலியின் விரைவு நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர். 8 மில்லிமீட்டர் தகட்டில் சென்று திரும்ப 2.7 மைக்ரோநொடி ஆகும். தொட்டியில் பொருள் இருக்கும்போதே வெளியிலிருந்து அளக்க முடிவது இதன் பெருஞ்சிறப்பு.

எனினும் எண்ணைக் காட்டும் கருவி என்பதாலேயே அவ்வெண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. வண்ணப்பூச்சில் ஒலி எஃகைவிட மெதுவாகச் செல்வதால் எளிய கருவியில் 0.3 மில்லிமீட்டர் பூச்சு அதனினும் இரு மடங்குக்கு மேற்பட்ட எஃகுபோலத் தோன்றும். மெலிந்த தகடு தடித்த தகடாகக் காட்டப்படும். அடுத்தடுத்த இரு எதிரொலிகளின் இடைவெளியை அளக்கும் கருவிகளில் இப்பிழை நேராது. தகட்டின் நடுவே உருட்டாலைக் காலத்து அடுக்குப் பிளவு இருந்தால் தடிப்பு பாதியாகத் தெரியும். வெப்பமும் அளவை மாற்றும். 55 பாகை செல்சியசு உயர்வுக்கு ஒலியின் விரைவு ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகிறது. கொங்கு நாட்டுச் சித்திரை வெயிலில் காய்ந்த சுவரை நண்பகலில் அளப்பதற்கும் மார்கழிக் காலையில் அளப்பதற்கும் 8 மில்லிமீட்டர் தகட்டில் 0.04 மில்லிமீட்டர் வேறுபாடு வரக்கூடும். இது சிறிது எனத் தோன்றலாம். ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் என்னும் அரிப்பு வேகத்தை இரு அளவீடுகளின் வேறுபாட்டிலிருந்து கணக்கிடுவோருக்கு அது சிறிதன்று.

எஞ்சிய வாழ்நாள் இவ்வேகத்திலிருந்தே பெறப்படுகிறது. 6.3 மில்லிமீட்டராக இருந்த கீழ்த்தளத் தகடு பத்து ஆண்டுகளில் 4.8 மில்லிமீட்டர் ஆகியிருந்தால் அரிப்பு வேகம் ஆண்டுக்கு 0.15 மில்லிமீட்டர். கசிவைக் கண்டறியும் ஏற்பாடு கீழே இல்லாத தளத்திற்கு ஏ.பி.ஐ. 653 விதிக்கும் குறைந்த அளவு 2.5 மில்லிமீட்டர். மீதமுள்ள 2.3 மில்லிமீட்டர் கரைய ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். அதற்குள் அடுத்த உள்ளாய்வு நடைபெற வேண்டும். அரிப்பு ஒரே வேகத்தில் தொடரும் என்ற ஊகம் இக்கணக்கினுள் மறைந்திருக்கிறது. குழியரிப்பு அவ்வாறு நடந்துகொள்வதில்லை.

காந்தப்பாயக் கசிவு முறை கீழ்த்தளத்திற்கு உரியது. புல் வெட்டும் எந்திரத்தைப் போன்ற சக்கர வண்டியில் பொருத்திய வலிய காந்தம் தகட்டைக் காந்தமாக்கிச் செல்லும். தகடு மெலிந்த இடத்தில் காந்தப்பாயம் வெளியே கசியும். உணரிகள் அதனைப் பிடித்துக் காட்டும். தகட்டின் அடிப்புற அரிப்பையும் மேலிருந்தே காட்டுவதால் ஒரு பெரிய தளத்தைப் புள்ளி புள்ளியாக மீயொலியால் அளக்கும் வேலை மிச்சமாகிறது. ஆயினும் இழப்பு மேற்புறத்திலா அடிப்புறத்திலா என்பதை எளிய கருவிகள் பிரித்துச் சொல்லா. எனவே ஐயத்திற்குரிய இடங்கள் மீயொலியால் உறுதி செய்யப்படுகின்றன. சுவரை ஒட்டிய விளிம்பில் வண்டி முழுவதும் செல்ல இயலாது. தொட்டியின் மிகுந்த தகைவு கொண்ட மூலையும் அதுவே என்பதால் அங்குக் கைக்கருவியால் ஆய்வது கட்டாயம்.

பற்றவைப்புகளுக்குத் தனி முறைகள் உள்ளன. சாய ஊடுருவல் சோதனையில் சிவப்புச் சாயம் பூசி, ஊற விட்டு, துடைத்து, வெண்பொடி தெளித்தால் விரிசலுக்குள் புகுந்த சாயம் கோடாக எழும். காந்தத் துகள் சோதனையில் காந்தமாக்கிய பற்றவைப்பின் மீது தெளித்த இரும்புத் துகள்கள் விரிசலில் திரளும். இருட்டில் ஒளிரும் துகள்களைப் பயன்படுத்தினால் மயிரிழை விரிசலும் தெரியும். சிற்றூர்ப் பட்டறைகளிலும் செய்யப்படும் மண்ணெண்ணெய்ச் சோதனை இவற்றின் ஏழை உறவு எனலாம்: பற்றவைப்பின் ஒரு பக்கம் சுண்ணம் பூசி மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவினால் துளை உள்ள இடத்தில் சுண்ணத்தில் கறை படரும். தகட்டை ஊடுருவிய துளையை மட்டுமே இது காட்டும். பாதி ஆழ விரிசலைக் காட்டாது. கீழ்த்தளப் பற்றவைப்பின் அடிப்புறத்தை அணுக முடியாததால் அங்கு வெற்றிடப் பெட்டி பயன்படுகிறது. சோப்புக் கரைசல் பூசிய பற்றவைப்பின் மேல் கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சினால் துளையுள்ள இடத்தில் குமிழி எழும்.

கதிர்ப்படம் சுவரின் செங்குத்துப் பற்றவைப்புகளின் உட்குறைகளைப் படமாகத் தருகிறது. களத்தில் பெரும்பாலும் இரிடியம்-192 என்னும் கதிரியக்க மூலம் பயன்படுகிறது. இதன் அரைவாழ்வு ஏறத்தாழ 74 நாட்கள். இந்தியாவில் இம்மூலங்களைக் கையாள அணுவாற்றல் ஒழுங்குமுறை வாரியத்தின் இசைவு தேவை. பணி நடக்கும்போது சுற்றிலும் கயிறு கட்டி ஆட்களை விலக்க வேண்டும் என்பதால் இது பெரும்பாலும் இரவில் நடைபெறும்.

ஒலி உமிழ்வு முறை மற்றவற்றினின்று மாறுபட்டது. இதில் கருவி ஒலியை அனுப்புவதில்லை. தொட்டியே எழுப்பும் நுண்ணொலியைக் கேட்கிறது. வளரும் விரிசலும் கசியும் துளையும் பெயரும் துருவும் ஒலி எழுப்பும். இத்துறையின் அடிப்படை ஆய்வை செருமனியின் யோசப் கைசர் 1950இல் வெளியிட்டார். தொட்டியைக் காலி செய்யாமலே ஆய முடிவது இதன் பயன். காற்றும் மழையும் இதன் எதிரிகள். எத்தொட்டியை முதலில் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்ய இது உதவும். தடிப்பு எவ்வளவு என்று இது சொல்லாது.

உள்ளே இறங்குவோர்

கீழ்த்தள ஆய்வுக்குத் தொட்டியைக் காலி செய்து, தூய்மைப்படுத்தி, ஆள் உள்ளே இறங்க வேண்டும். சிதைவிலாச் சோதனை என்னும் பெயர் தகட்டைக் குறித்தது, ஆளைக் குறித்ததன்று. எண்ணெய்த் தொட்டியில் எரிவளி எஞ்சியிருக்கும். கழிவுப்பாகுத் தொட்டியில் தீப்பற்றும் அச்சம் குறைவு என்பதால் அலட்சியம் மிகுதி. ஆனால் புளித்த பாகிலிருந்து வெளிவரும் கரியமிலவளி காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானதால் அடியில் தேங்கி நிற்கும். மேலே மூடியருகில் நன்கு மூச்சுவிட்டவர் ஏணியின் கடைசிப் படியில் மயங்குவார். அவரைத் தூக்கப் பதறி இறங்குபவரும் மயங்குவார். பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கி அடுத்தடுத்து ஆட்கள் இறக்கும் செய்தியின் காரணமும் இத்தகையதே. காற்றிலுள்ள ஆக்சிசன் 20.9 விழுக்காடு, 19.5க்குக் கீழ் இருந்தால் உள்ளே செல்லக் கூடாது. அளவீடு மூடியருகில் மட்டுமன்றி நடுவிலும் அடியிலும் எடுக்கப்பட வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 36ஆம் பிரிவு இவ்வகை நுழைவுக்கென்றே எழுதப்பட்டது.

ஓடும் தொட்டிகள்

நாமக்கல் தென்னிந்தியாவின் எரிவளி டேங்கர் லாரித் தொழிலுக்கு மையமாகும். தென் மண்டல டேங்கர் உரிமையாளர் சங்கம் இங்கிருந்தே இயங்குகிறது. சேலம்-கரூர் நெடுஞ்சாலையில் பரமத்தி வேலூர்க் காவிரிப் பாலத்தைக் கடக்கும் இவ்வண்டிகளில் உள்ளவையும் சேமிப்புத் தொட்டிகளே. ஆனால் இவை அழுத்தக் கலன்கள். மேலும் இவை ஓயாமல் அதிர்கின்றன. நிலையான தொட்டியில் அரிப்பு முதல் எதிரி என்றால் இங்குக் களைப்பு விரிசலும் சேர்ந்துகொள்கிறது. கலன் சட்டத்தோடு இணையும் தாங்கிகளின் பற்றவைப்பும், உள்ளே நீர்மம் அலைவதைத் தடுக்கும் தடுப்புத் தகடுகளின் பற்றவைப்பும் முதலில் ஆயப்பட வேண்டிய இடங்கள்.

இக்கலன்கள் 2016ஆம் ஆண்டின் நிலையான மற்றும் நகரும் அழுத்தக் கலன் விதிகளுக்கு உட்பட்டவை. அதற்கு முன் 1981ஆம் ஆண்டின் விதிகள் நடப்பில் இருந்தன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றைச் செயல்படுத்துகிறது. எரிவளிக் கலன் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் நீரழுத்தச் சோதனைக்கு உட்பட வேண்டும். நீரழுத்தச் சோதனை கலன் இன்று தாங்குகிறது என்பதைக் காட்டும். உள்ளே பாதி வளர்ந்த விரிசலைக் காட்டாது. அதற்கு ஆள்நுழை துளை வழியே உட்சென்று ஒளிரும் காந்தத் துகளால் பற்றவைப்புகளை ஆய வேண்டும்.

2025 சனவரி 3 அன்று கோயம்புத்தூர் அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவளி ஏற்றிய டேங்கர் இழுவண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. வளி கசிந்ததால் அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை அளிக்கப்பட்டது. கலனின் உடல் பிளக்கவில்லை. கசிவு அடைக்கப்பட்டுக் கலன் நிமிர்த்தப்பட்டது. உயிரிழப்பு நேரவில்லை. கலனை ஆய்வது போலவே அதனை வண்டியோடு பிணைக்கும் உறுப்புகளையும் ஆய வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

பயிற்சியும் தகுதியும்

சோதனையாளர்கள் மூன்று நிலைகளாகத் தகுதிபெறுகின்றனர். முதல் நிலையினர் கருவியை இயக்குவர். இரண்டாம் நிலையினர் முடிவுகளை விளக்கி ஏற்பதா மறுப்பதா எனக் கூறுவர். மூன்றாம் நிலையினர் செய்முறைகளை வகுப்பர். இதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 13805 ஆகும். 1989இல் உருவான இந்தியச் சிதைவிலாச் சோதனைக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆய்வு நிலையமும், கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இத்துறையில் நீண்டகாலமாக ஆய்வு மேற்கொண்டு வருகின்றன. அம்மையத்தின் இயக்குநராக 2004 முதல் 2011 வரை இருந்த பல்தேவ் ராஜ், செயக்குமார், தவசிமுத்து ஆகியோருடன் இணைந்து எழுதிய நூல் இத்துறை மாணவர்களிடையே நன்கு அறியப்பட்டதாகும்.

ஆய்வறிக்கையில் அளவுகளோடு அளந்த இடங்களின் வரைபடமும் இருக்க வேண்டும். இம்முறை அளந்த புள்ளியிலேயே அடுத்த முறையும் அளந்தால்தான் அரிப்பு வேகம் கிடைக்கும். இதற்காகச் சுவரில் அளவுப் புள்ளிகள் வண்ண வட்டமிட்டு எண்ணிடப்படுகின்றன. தொட்டிக்கு மறுவண்ணம் பூசும்போது இவ்வட்டங்கள் அழிந்துபோவது வழக்கமாக நேர்வது. அதனால் வரைபடத்தில் படிக்கட்டு, ஆள்நுழை துளை போன்ற மாறாத உறுப்புகளிலிருந்து ஒவ்வொரு புள்ளியின் தொலைவும் குறிக்கப்படுகிறது.